பிக்கப் டிரக் டாஷ்போர்டில் ஒரு ஓட்டை: ரேடியோவின் கதை, நம்ம கண்ணின் கதை

1/
அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வாங்குறவங்க பலர் முதலில் செய்யுற வேலை, கம்பெனி ரேடியோவைக் கழற்றிட்டு கடையில் வாங்கின வேற ரேடியோவை மாட்டுறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் வயர், ஒரு லீவு நாள். அவ்ளோதான்.

இதில் ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. அந்த ரேடியோ உட்காருற ஓட்டையோட வரலாறு, முகம் உடைஞ்ச பயணிகள், ஒரு ரெண்டு வயசுக் குழந்தை, நம்ம கண் ரோட்டை விட்டு விலகுற ரெண்டு நொடி என்று போகுது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

2/
முதலில் அந்த வார்த்தை. டாஷ்போர்டு என்பது குதிரை வண்டிக் காலத்துச் சொல். குதிரையின் குளம்பு தெறிக்கிற சேறு ஓட்டுறவர் மேல படாமல் இருக்க முன்னால ஒரு பலகை வைப்பாங்க. அதுதான் டாஷ்போர்டு. குதிரை போயிடுச்சு, பலகை நின்னுடுச்சு. அதில் மீட்டர் வந்தது, சுவிட்ச் வந்தது, கடைசியா ரேடியோ வந்தது.

மருத்துவப் பாடத்திலும் இந்தச் சொல் இருக்கு. வண்டி மோதும்போது முழங்கால் டாஷ்போர்டில் இடிச்சு, தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு இடுப்பு மூட்டு நழுவும். அதற்குப் பெயரே டாஷ்போர்டு இன்ஜுரி.

3/
ஃபோர்டு கம்பெனி 1925-ல் மாடல் டி காரின் பின்பக்கத்தில் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே செய்த பிக்கப் வண்டியை 281 டாலருக்கு விற்றது. விவசாயிக்கும் தச்சருக்கும் ஆன வண்டி. பாட்டெல்லாம் யாரும் எதிர்பார்க்கலை.

பிக்கப் ரொம்ப காலத்துக்கு இப்படித்தான் இருந்தது. ரேடியோ வேணும்னா தனியா காசு. வேண்டாம்னா அந்த இடத்தில் ஒரு வெற்றுத் தகடு. அந்தத் தகடுதான், பிற்பாடு சொந்தக்காரர் தானே ரேடியோ மாட்டுற பழக்கத்துக்கு வாசல்.

4/
ஆனா 1920-களில் எந்த வண்டியிலும் ரேடியோ வைக்கிறது லேசான வேலை இல்லை. மூணு பெரிய தடங்கல்.

ஒன்று, இன்ஜின். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விடுது. உலகின் முதல் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களும் மின்பொறியை வைத்துதான் அலை அனுப்பின. அப்போ ஓடுற இன்ஜின் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. அது அனுப்புறது வெறும் கரகரப்பு. அதைத் தாண்டி பாட்டு கேக்கணும்.

5/
ரெண்டு, மின்சாரம். அது வால்வு ரேடியோ காலம். வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல தேவை. காரில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. அதனால தனியா பேட்டரிகள் வாங்கி, தரைப் பலகைக்கு அடியில் பெட்டி கட்டி வைக்கணும்.

மூணு, ஏரியல். அப்போ கார்க் கூரையில் துணியும் மரமும் இருந்ததால, கூரைக்குள்ளயே கம்பி வலை வச்சுத் தைச்சாங்க.

ஆக, ரேடியோ மாட்டுறதுன்னா வண்டியைப் பாதி பிரிச்சுக் கோர்க்கிற வேலை.

6/
இங்கதான் சிகாகோவின் பால் கால்வின் வர்றார். தம்பி ஜோசப்புடன் 1928-ல் ஆரம்பிச்ச சின்ன கம்பெனி. பேட்டரி இல்லாம வீட்டு மின்சாரத்தில் ரேடியோ ஓட உதவுற ஒரு கருவியை வித்துட்டு இருந்தாங்க. வீட்டு ரேடியோக்கள் நேரடியா மின்சாரத்தில் ஓட ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. கூடவே 1929-ன் பங்குச் சந்தை வீழ்ச்சி. பிழைக்க வேற பொருள் வேணும்.

7/
1930-ல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. கால்வினுக்கு அங்க கடை போட இடம் இல்லை. தன் காரில் ரேடியோவை மாட்டி, மாநாட்டுக்கு வெளியே நிறுத்தி, சத்தத்தை ஏத்தி வச்சார். போறவங்க வர்றவங்க நின்னு கேட்டாங்க. ஆர்டர் வந்தது.

மாடல் பெயர் 5டி71. விலை 110-லிருந்து 130 டாலர். ஒரு ஃபோர்டு மாடல் ஏ காரே சுமார் 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது. கார் விலையில் நாலில் ஒரு பங்கு!

ரேடியோவுக்கு அவர் வச்ச பெயர் மோட்டரோலா. மோட்டார் வண்டியில் பாடுறது என்ற அர்த்தத்தில். 1947-ல் கம்பெனிக்கும் அதே பெயர் வந்தது. பலருடைய கையில் செல்போனா இருந்த அதே மோட்டரோலாதான்.

8/
ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது கார் கம்பெனி குடுத்த பொருள் இல்லை. வெளியில் வாங்கி மாட்டுறது. கார் ரேடியோ என்பதே பெரும்பாலும் வெளிக்கடைப் பொருளாத்தான் பரவியது. இரைச்சலை அடக்க ஸ்பார்க் பிளக் வயரில் ரெசிஸ்டர், டைனமோவில் கண்டென்சர் வச்சாங்க. 6 வோல்ட்டை உயர்த்த வைப்ரேட்டர்னு ஒரு துடிக்கிற சுவிட்ச் வந்தது. தரைக்கு அடியில் இருந்த பேட்டரிப் பெட்டி ஒழிஞ்சது. 1935-ல் ஜெனரல் மோட்டார்ஸ் முழு இரும்புக் கூரை கொண்டு வந்ததும், கூரைக்குள்ள இருந்த ஏரியலுக்கும் வேலை போயிடுச்சு. அது வண்டிக்கு வெளியே போச்சு.

9/
கூடவே எதிர்ப்பும் வந்தது. 1930-லேயே மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும், ஓட்டும்போது ரேடியோ கூடாதுன்னு சட்டம் போட யோசனைகள் வந்தன. ஸ்டேஷன் தேடும்போது கவனம் சிதறும், பாட்டு கேட்டா தூக்கம் வரும் என்பது வாதம். ரேடியோ கம்பெனிகள் பதிலுக்கு, தனியா ஓட்டுறவரை ரேடியோ விழிப்பா வச்சிருக்கும், வானிலை எச்சரிக்கை சொல்லும் என்றன.

இந்தச் சண்டையை ஞாபகம் வச்சுக்கோங்க. 80 வருஷம் கழிச்சு இது ஒரு விசித்திரமான இடத்துக்கு வரும்.

10/
அப்போ யாரும் அதிகம் கவனிக்காத வேற ஆபத்து ஒன்று இருந்தது. அதைக் கவனிச்சவர் ஒரு டாக்டர்.

டெட்ராய்ட் நகரத்துப் பிளாஸ்டிக் சர்ஜன் கிளேர் ஸ்ட்ரெய்த். கார் உற்பத்தியின் தலைநகரத்திலேயே ஆபரேஷன் பண்றவர். அவர்கிட்ட வந்தவங்கள்ல பலர் ஓட்டுநர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவங்க. மூக்கு உடைஞ்சு, கன்ன எலும்பு நொறுங்கி, நெற்றி கிழிஞ்சு. காரணம் தேடினா இரும்பு டாஷ்போர்டும் அதில் துருத்திட்டு இருந்த குமிழ்களும் கைப்பிடிகளும். சீட் பெல்ட் இல்லாத காலம். திடீர் பிரேக் போதும், முகம் நேரா அங்க போய் மோதும்.

11/
ஸ்ட்ரெய்த் தைச்சு அனுப்பிட்டு சும்மா இருக்கலை. தன் சொந்தக் கார்களில் டாஷ்போர்டு மேல மெத்தை வச்சார். இடுப்புப் பெல்ட் மாட்டினார். கார் முதலாளி வால்ட்டர் க்ரைஸ்லரிடமே இதை எடுத்துப் போனார். 1937 மாடல் டாட்ஜ் கார்களில் குமிழ்களை உள்ளே அமுக்கி, கூர்முனைகளை மழுக்கினாங்க.

1948-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில், வண்டியில் உடன் வர்ற விருந்தாளிப் பயணிகளின் காயங்களைப் பற்றி கட்டுரையே எழுதினார்.

எனக்கு இவர் மேல தனி மரியாதை உண்டு. காயத்தைப் பார்க்கிறது நம்ம வேலை. அந்தக் காயத்தை உண்டாக்கின குமிழைத் தேடிப் போறதும் நம்ம வேலைன்னு காட்டினவர்.

12/
ஆனா கார் உலகம் மெதுவாத்தான் கேட்டது. பாதுகாப்பை விட அழகுதான் வித்தது. 1965-ல் ரால்ஃப் நாடரின் புத்தகம் கார் கம்பெனிகளை உலுக்கியது. 1966-ல் அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல், கார்களின் உட்பக்கம் தலை மோதினா அடியைத் தாங்கிக்கணும் என்ற விதி (எண் 201) அமலானது. ஸ்ட்ரெய்த் 1958-லேயே இறந்துட்டார்.

பிக்கப் டிரக்குகளுக்கு? அதே விதி 1981 செப்டம்பரில்தான் வந்தது. காருக்கு வந்து 13 வருஷம் கழிச்சு. அது வேலைக்கார வண்டி, அதனால பரவாயில்லைங்கிற எண்ணம். ஓட்டுறவர் முகம் மட்டும் வேற எலும்பாலயா செஞ்சது?

13/
சரி, ரேடியோவுக்கு வருவோம். 1950-களின் நடுவில் ரெண்டு மாற்றம். பெரும்பாலான அமெரிக்க வண்டிகள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. 1955-ல் க்ரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடுற கார் ரேடியோவை அறிவிச்சாங்க. விலை 150 டாலர். வால்வு சூடாகக் காத்திருக்க வேண்டாம், வைப்ரேட்டர் ரீங்காரம் இல்லை. பெட்டி சின்னதாச்சு, மாட்டுறது சுலபமாச்சு.

14/
இருந்தாலும் ஓட்டையின் அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற. ரெண்டு பக்கமும் குமிழுக்கு வட்ட ஓட்டை, நடுவில் செவ்வகம். புது ரேடியோ வாங்கினா அது உட்காராது. ரம்பத்தை எடுத்து டாஷ்போர்டை வெட்டுவாங்க. இன்னைக்குப் பழைய பிக்கப் சேகரிக்கிறவங்க முதலில் கேக்குற கேள்விகளில் ஒன்று, டாஷ் வெட்டினதா வெட்டாததா என்பது. அன்னைக்கு ஒருத்தர் எஃப்எம் கேக்க ஆசைப்பட்டு வெட்டின வெட்டு, இன்னைக்கு வண்டி விலையைக் குறைக்குது.

15/
இதுக்குத் தீர்வு ஜெர்மனியிலிருந்து வந்தது. டின் என்ற தர நிர்ணய அமைப்பு ஒரு அளவைச் சொன்னது: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். 1984-ல் அது ஐஎஸ்ஓ 7736 என்ற உலகத் தரம் ஆச்சு. ஜப்பான்காரங்க உயரத்தை ரெட்டிப்பாக்கி டபுள் டின் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர் ஆடியோ கடைகளில் சிங்கிள் டின்னா டபுள் டின்னான்னு கேக்குறாங்களே, அது இதுதான்.

அமெரிக்க டிரக் கம்பெனிகள் கொஞ்சம் வம்பு. ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர் ரெண்டும் ஒன்றரை டின் அளவில் ரேடியோ வச்சாங்க. அதை நிரப்ப பிளாஸ்டிக் சட்டம் விக்க ஒரு தொழிலே உருவாச்சு.

16/
வயருக்கும் ஒரு பொது மொழி வந்தது. வெளிக்கடை ரேடியோக்களில் மஞ்சள் என்றால் எப்பவும் மின்சாரம், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். வெள்ளை இடது முன் ஸ்பீக்கர், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். ஸ்பீக்கர் வயரில் கறுப்புக் கோடு இருந்தா அது மைனஸ். வண்டியின் பழைய பிளக்கை வெட்டாமல், நடுவில் ஒரு இணைப்பு வயர்க்கட்டை வச்சு, நிறத்துக்கு நிறம் முடிச்சா போதும். வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து முடிச்சுடலாம்.

என்னைப் பொறுத்தவரை இதுதான் அந்த ஓட்டையின் பொற்காலம். வண்டி யாருடையதோ, ஓட்டையும் அவருடையது.

17/
சுலபமா மாட்டலாம்னா சுலபமா திருடலாம். ரெண்டு வளைஞ்ச கம்பிச் சாவி இருந்தா டின் ரேடியோவை உருவிடலாம். அதனாலதான் ரகசிய எண் போட்டால் மட்டும் பாடுற ரேடியோவும், முகப்பைக் கழற்றி சட்டைப் பையில் போட்டுட்டுப் போற ரேடியோவும் வந்தன.

அப்புறம் வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் வந்தது. கதை திரும்புற இடம் இது.

18/
2003 மாடல் செவ்ரோலே சில்வராடோவை எடுத்துக்கோங்க. அதில் ரேடியோ மத்த கம்ப்யூட்டர்களோட டேட்டா வயரில் பேசும். கதவு திறந்திருக்கு, சாவியை விட்டுட்டீங்க, சீட் பெல்ட் போடலைன்னு சொல்ற மணிச்சத்தம் வர்றதே ரேடியோ வழியாத்தான். தெரியாம ரேடியோவை எடுத்துட்டா, பாட்டோட சேர்த்து அந்த மணியும் போயிடும். அதைக் காப்பாத்த தனியா ஒரு மின்னணுப் பெட்டி வாங்கி நடுவில் வைக்கணும்.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் நல்ல ஸ்பீக்கர் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, சீட் பெல்ட் எச்சரிக்கையைத் தன் கையாலேயே ஊமையாக்கிடுறார். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மட்டும் தெரிஞ்சா போதும்ங்கிற காலம் அதோட முடிஞ்சது.

19/
இப்போ அந்தக் குழந்தை.

2002-ல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், கேமரன் என்ற ரெண்டு வயசுக் குழந்தை, தன் வீட்டு வாசலில் அப்பா ரிவர்ஸ் எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தது. அப்பா குழந்தைநல மருத்துவர். கண்ணாடியெல்லாம் பார்த்துதான் எடுத்திருக்கிறார். உயரமான வண்டியின் பின்னால நிக்கிற சின்னக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

அவரும் மத்தக் குடும்பங்களும் வருஷக்கணக்கா போராடினாங்க. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் கையெழுத்தானது.

20/
அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு: ரிவர்ஸ் விபத்துகளில் வருஷத்துக்குச் சராசரியா 210 சாவு, 15,000 காயம். இறந்தவங்கள்ல 31 சதவீதம் 5 வயசுக்குக் கீழ. 26 சதவீதம் 70 வயசைத் தாண்டினவங்க. ஓடி விலக முடியாதவங்கதான் பாதிக்கு மேல.

விதி முழுசா அமலானது 2018 மே 1-ல். 10,000 பவுண்டுக்குக் குறைவான எடைப்பிரிவில் வர்ற எல்லாப் புது வண்டிகளிலும், வழக்கமான பிக்கப் டிரக்குகள் உட்பட, பின்பக்கக் கேமரா கட்டாயம்.

21/
கேமரா வந்தா அதைக் காட்ட ஒரு திரை வேணும். திரைக்கு டாஷ்போர்டின் நடுவில் இடம் எங்க? ரேடியோ இருந்த இடத்தில்தான். ஏற்கனவே பல வண்டிகளில் நுழைஞ்சிருந்த திரை, இந்த விதியோட கிட்டத்தட்ட எல்லா வண்டிக்கும் வந்தது. குழந்தையைக் காப்பாத்த வந்த நியாயமான திரை.

ஆனா திரை வந்த பிறகு கம்பெனிகள் அதோட நிறுத்தலை. வால்யூம், ஏசி, சீட் சூடு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அதுக்குள்ள தள்ளினாங்க. குமிழைக் கை தடவியே கண்டுபிடிக்கும். கண்ணாடித் திரையில் தடவ எதுவும் இல்லை. பார்த்துதான் தொடணும்.

22/
இது ஏன் முக்கியம்? வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 100 கார்களில் கேமரா பொருத்தி ஒரு வருஷம் கவனிச்சு, 2006-ல் முடிவுகளை வெளியிட்டாங்க. கண் ரோட்டை விட்டு 2 நொடிக்கு மேல விலகினா, விபத்தோ மயிரிழையில் தப்புறதோ நடக்கிற வாய்ப்பு குறைஞ்சது ரெண்டு மடங்கு ஆச்சு.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்றால் 50 மீட்டர். கண்ணைக் கட்டிட்டு 50 மீட்டர் ஓட்டுற மாதிரி.

23/
2013-ல் அமெரிக்க அரசு, தொழிற்சாலையில் பொருத்தி வர்ற கருவிகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு வேலையை முடிக்க ஒவ்வொரு பார்வையும் 2 நொடிக்குள்ள இருக்கணும், மொத்தம் 12 நொடிக்குள்ள முடியணும். கட்டாயச் சட்டம் இல்லை, பரிந்துரைதான்.

இந்த 12 நொடி எங்கிருந்து வந்தது தெரியுமா? சாதாரண ரேடியோவில் கையால் ஸ்டேஷன் மாத்த ஆகிற நேரத்தை அளந்து எடுத்தாங்க. அதுக்கு மேல கண்ணைப் பிடிக்கிற வேலை ஆபத்துன்னு வச்சாங்க.

1930-ல் எந்தச் செயலைத் தடை பண்ணணும்னு பேசினாங்களோ, அதுவே 2013-ல் பாதுகாப்பின் அளவுகோல். குமிழ் மாறலை. அதை விட மோசமானது வந்துடுச்சு.

24/
அப்போ வரலாறு நமக்கு என்ன சொல்லுது? அந்த ஓட்டையில் எதை வச்சாலும் அது உடம்போட சம்பந்தப்படுது. குமிழ் துருத்தினா முகம், மணி ஊமையானா நெஞ்சு, திரை இழுத்தா கண். மூணையும் கொஞ்சம் யோசிச்சு வச்சா சரி பண்ணிடலாம்.

25/
ரேடியோ மாத்தப் போறீங்கன்னா, எந்த ஊரா இருந்தாலும், இதை மனசில் வைங்க:

* முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிஷம் விட்டு வேலை ஆரம்பிங்க. மஞ்சள் நிற பிளக் கண்ணில் பட்டா கை வைக்காதீங்க, அது பெரும்பாலும் ஏர்பேக் இணைப்பு.

* உங்க வண்டியில் சீட் பெல்ட் மணியும் பின்பக்கக் கேமராவும் ரேடியோ வழியா வருதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. வருதுன்னா, அதைக் காப்பாத்துற இணைப்பு இல்லாம மாத்தாதீங்க. எல்லாம் மாட்டி மூடுறதுக்கு முன்னால ரெண்டையும் சோதிச்சுப் பாருங்க.

* சத்தத்துக்கு நிஜக் குமிழ் இருக்கிற மாடலா வாங்குங்க. பார்க்காம கையால் திருக முடியணும்.

* ஓட்டையை விட்டு வெளியே நீட்டிட்டு இருக்கிற பெரிய திரை வேண்டாம். ஸ்ட்ரெய்த் தைச்ச முகங்களை நினைச்சுக்கோங்க.

* பாட்டுப் பட்டியல், வழித்தடம் எல்லாம் வண்டி கிளம்புறதுக்கு முன்னாலயே போட்டுடுங்க. நடுவில் மாத்தணும்னா பக்கத்து சீட்டுல இருக்கிறவங்கிட்ட சொல்லுங்க. யாரும் இல்லைன்னா ஓரமா நிறுத்துங்க.

26/
பாட்டு கேக்காம ஓட்டுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ராத்திரி தனியா சரக்கு ஏத்திட்டுப் போறவருக்கு ரேடியோதான் துணை. காது பாட்டுக்குப் போகட்டும். கண் மட்டும் ரோட்டிலேயே இருக்கட்டும்.

வண்டி ஓட்டுற உங்க நண்பர்களுக்கும், ஆடியோ கடை வச்சிருக்கிறவங்களுக்கும் இதைப் பகிருங்க.